ராக் பாட்டும் மலைப்படியும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு ராக் பாட்டு போட்டிருக்கிறோம். எங்கள் ஊர் மலைப்படிகளில் வீடியோ எடுக்க ஆசை. கையில் செல்போன்தான் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?
– ஒரு மாணவர், திருத்தணி

பதில்: முதலில் படிகளை மறந்துவிடுங்கள். அந்த 365 படிகளும் முருகனுடையவை. அறநிலையத் துறை அனுமதியில்லாமல் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பல்லவி முடிவதற்குள் இறக்கிவிடுவார்கள். கோயில்களுக்குள் செல்போனே கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ரயில் நிலையத்தில் எடுக்கலாம் என்றால் அதற்கும் அனுமதி வேண்டும். மலை பின்னால் தெரிகிற மாதிரி தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி கிடைக்காதா என்ன? ஆடிக் கிருத்திகை சமயத்தில் மட்டும் வேண்டாம், ஊர் கொள்ளாது.

பாட்டை மிக்ஸிங் வரை முடித்துவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு வாயசைக்க வேண்டும். ஆனால் பாடகர் நிஜமாகவே கத்திப் பாடட்டும். கழுத்து நரம்பு புடைக்காத ராக்கை யார் நம்புவார்கள்? போனில் பதிவாகும் சத்தத்தை அழிக்காதீர்கள், எடிட்டிங்கில் பாட்டைப் பொருத்த அதுதான் துணை. ஸ்லோமோஷன் வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். உதடு பாட்டோடு பொருந்தும், தலைமுடி மட்டும் மிதக்கும்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் ‘ஓகே கோ’ குழு 2006-இல் எட்டு டிரெட்மில்லை வைத்து ஒரே ஷாட்டில் எடுத்த வீடியோ கிராமி விருது வாங்கியது. அவர்கள் செலவழித்தது ஒத்திகை நேரத்தை.

மெட்டில் சினிமாப் பாட்டு எங்காவது எட்டிப் பார்த்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். யூடியூப் கண்டுபிடித்துவிடும்.