வாண்டாவுக்கு மண் ஆகாது

மாமரக் கிளையைப் பற்றிக்கொண்டு, தடித்த வெள்ளை வேர்களைத் தொங்கவிட்டு, பட்டை பட்டையாக இலை விட்டு நிற்கிற செடியைப் புல்லுருவி என்று நினைத்துப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது வாண்டா என்கிற ஆர்க்கிட். நம்ம ஊர்த் தோப்புகளில் பார்ப்பது வாண்டா டெஸ்ஸலேட்டா. மங்கிய மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட பூ, நல்ல வாசனை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். வாண்டா பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. மழைத் தண்ணீரும் பட்டையில் தங்கும் மக்கும்தான் அதற்குச் சாப்பாடு.

நர்சரியில் காசு கொடுத்து வாங்கும் கலர் வாண்டாவுக்கும் இதே குணம்தான். அதைக் கொண்டுவந்து செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டால், போட்ட பணம் போச்சு. வேரின் மேல் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறது. நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். நன்றாக நனையணும், சில மணி நேரத்தில் காயணும். காற்றுப் படாத வேர் அழுகிவிடும்.

அதனால் மரச்சட்டக் கூடையோ, சுற்றிலும் ஓட்டை போட்ட மண்சட்டியோ போதும். செடி ஆடாமல் நிற்க நாலு கட்டைக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு. மீதி வேர் வெளியே தொங்கட்டும். காலையில் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் தெளித்து, குருத்தில் தண்ணீர் ராத்திரி பூரா தேங்கினால் குருத்தழுகல் வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து வையுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் பற்றவில்லை, பூக்காது. இளம்பச்சைதான் சரி.

இனி வாடிய செடி. கிளை முறிந்து விழுந்ததோ, கடையில் காய்ந்து கிடந்ததோ, வாராக்கடன் கணக்கில் உடனே எழுதிவிடாதீர்கள். வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது உயிர்வேர்; கொழகொழத்ததையும் உள்ளே கூடாக இருப்பதையும், தீயில் காட்டிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவுங்கள். குருத்து நனையாமல் வேரை மட்டும் தினமும் காலையில் அரைமணி நேரம் தண்ணீரில் வைத்து எடுத்து, நிழலில், ஈரச் சாக்குக்கு மேலே தொங்கவிடுங்கள். உரம் வேண்டாம், பசியெடுக்காதவனுக்குப் பந்தி எதற்கு? சுருங்கிய பழைய இலை முழுசாக நிமிராமல் போகலாம். அதைப் பார்த்து மனசு விடக்கூடாது. வேர் நுனியில் புதுப் பச்சை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். வாரங்கள் ஆகும், சிலது மாதக்கணக்கிலும் இழுக்கும்.

நுனி ஓட ஆரம்பித்த பிறகு பஞ்சகவ்யா கொடுக்கலாம். வயலுக்கு 10 லிட்டருக்கு 300 மில்லி விடுகிறோம். இதற்கு நான் 30 மில்லிக்கு மேல் விடுவதில்லை, அதுவும் துணியில் வடிகட்டி.

அடியிலை உதிர்ந்து தண்டு மொட்டையான செடியில், மேல்பாதியில் இரண்டு மூன்று நல்ல வேர் இருந்தால் மட்டும் அதற்குக் கீழே வெட்டிப் பிரிக்கலாம். அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நனைத்துவந்தால் அதிலும் பக்கக்கன்று வரலாம்.