பனடோல் விற்கும் வியாபாரிகள் கவனத்திற்கு



பிரிஞ்சாங்கில் நம்மவர் கடை எதுவாயினும், பனடோல் அட்டை தொங்காத கடை அபூர்வம். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் நாளெல்லாம் குனிந்து வேலை செய்பவருக்கு முதுகுவலி. இந்தக் குளிருக்கு ஜலதோஷம், தலைவலி. டாக்டரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று நேரே நம் கடைக்கு வருகிறார்கள். வங்காளதேசத்துச் சகோதரருக்கு நம் பாஷை தெரியாது. ஆனால் "பனடோல்" என்பதை மட்டும் பிசகாமல் சொல்லிவிடுவார். நாம் வைத்தியர் அல்லர். எனினும் தராசில் ஒரு கிராம் குறையக்கூடாதென்று அஞ்சும் நாம், மாத்திரையில் மில்லிகிராம் கூடுவதைக் கவனியாதிருத்தல் தகுமா?

மருந்தின் பெயர் பாராசிட்டமோல். பனடோல், உப்பாமோல் என்பன கம்பெனிகள் இட்ட பெயர்கள். 1956ல் இங்கிலாந்தில் பனடோல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்பிரினைப் போல வயிற்றைப் புண்ணாக்காது என்று பெயர் பெற்றது. அளவோடு உட்கொள்ளும்வரை அந்த நல்ல பெயர் நியாயமானதே. ஆனால் 1966ல், மிகுதியாய் விழுங்கியவர்களுக்கு ஈரல் கெட்ட செய்தி அந்நாட்டு வைத்தியப் பத்திரிகையிலேயே வெளியாயிற்று.

அளவு இதுதான். வயது வந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு 1 அல்லது 2. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் செல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரை, அதாவது 4,000 மில்லிகிராம், கடைசி எல்லை. மெலிந்தவர், சரியாக உண்ணாதவர், ஈரல் நோயாளி, குடிப்பழக்கமுள்ளவர் ஆகியோருக்கு இதைவிடக் குறைவு. எவ்வளவு என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரையும் விற்பனையில் உண்டு. அதில் 8 போட்டால் 5,200 ஆகிவிடும்! எனவே மாத்திரையை எண்ணினால் போதாது, மில்லிகிராமைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லை மீறினால் என்ன நடக்கிறது? மருந்தின் பெரும்பகுதியை ஈரல் தீங்கின்றிக் கழித்துவிடுகிறது. சிறு பகுதி மட்டும் நஞ்சாக மாறும். அதை அடக்குவதற்கு ஈரலில் ஒரு சரக்கு எப்போதும் இருப்பில் இருக்கிறது. அளவு மீறி மருந்து வரும்போது இருப்புத் தீர்ந்து, மிஞ்சிய நஞ்சு ஈரலையே தின்னத் தொடங்குகிறது. இதில் பெரிய அபாயம் யாதெனில், முதல் நாளில் வாந்தி, குமட்டல் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆள் நன்றாயிருக்கிறாரென்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வலது விலாவின் கீழே நோவும், கண்ணில் மஞ்சளும் காணும்போது காலம் கடந்திருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. விழுங்கிய 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடுகிறது. ஆகவே கூடுதலாக விழுங்கினார் என்று தெரிந்த கணமே, நோவு வரட்டும் என்று காத்திராமல், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. அட்டையையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

அறிந்தே அளவு மீறுபவர் சிலர். அறியாமல் மீறுபவர் பலர். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமோல் கலந்தே இருக்கிறது. காய்ச்சலுக்குப் பனடோலும், மூக்கடைப்புக்கு வேறொன்றுமாக இரண்டு வாங்குகிறவர் ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்கிறார். பெட்டியின் பின்புறத்தைப் படித்துவிட்டு விற்பது நம் வேலை. அடுத்தது ரமலான். பகலில் போட முடியாததைச் சேர்த்து ஸஹரில் நான்காக விழுங்குவோர் உண்டு. ஒரு வேளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. நோன்பின் முதல் நாட்களில் வரும் தலைவலி பலருக்குத் தேநீர், காப்பி நின்றுபோனதால் வருவது. ஷஃபான் மாதத்திலேயே கோப்பைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் மாத்திரையே வேண்டியிராது. காய்ச்சலில் கிடப்பவருக்கோ மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது.

தினமும் மாத்திரை கேட்டு வருபவரையும் கவனிக்க வேண்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலிக்கு இதையே போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அனுப்புக. ஈப்போ, தாப்பா போய் வந்தவருக்குக் காய்ச்சலென்றால் டெங்கியாகவும் இருக்கலாம். அதற்கு ஆஸ்பிரின் கொடுப்பது இரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமோல், அதுவும் அளவோடு, போதும்.

நம் கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டும் நான்குமாக விற்கிறோம். ஏழைக்கு அது வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் போய்விடுகின்றன. இயன்றவரை முழு அட்டையாக விற்பதே மேல். வெட்டித்தான் கொடுப்பதானால் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதிக் கொடுக்கலாம். அரை நிமிடம் செல்லாது. இன்னொன்று: ஒரே ஆள் நாலைந்து அட்டை கேட்டால், முகத்தைப் பார்த்து, எதற்கென்று அன்பாக விசாரிப்போம். மனம் நொந்து வருபவரும் உண்டு. இங்கிலாந்தில் 1998 முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைதான் என்று சட்டம் செய்தார்கள். அதன் பின் அங்கே இம்மருந்தால் மாண்டவர் தொகை குறைந்தது.

குழந்தை மருந்தில் கவனம் இரு மடங்கு வேண்டும். பாணி மருந்து 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் இருவகையில் வருகிறது. பழைய புட்டியின் கணக்கில் புதிய புட்டியை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். தேக்கரண்டியால் அளக்காமல், பெட்டியில் வரும் அளவுக் குழலால் அளக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போய் வருபவர் பெட்டியில் பாணி மருந்து கொண்டுவந்து உறவினருக்குக் கொடுப்பது நம்மிடையே சகஜம். 2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணியில் பாராசிட்டமோலுடன் டையெத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மவுத்தாயின. இன்னா லில்லாஹி. இந்நாட்டில் பதிவான மருந்தின் பெட்டியில் "மால்" என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாத மருந்து எந்த உறவினர் கொண்டுவந்ததாயினும் கடையில் வைக்கலாகாது, நம் பிள்ளைகளுக்கும் ஊற்றலாகாது. வீட்டில் தேங்கிக் கிடக்கும் பழைய புட்டிகளை அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்குமிடத்தில் ஒப்படைத்தால் வாங்கிக்கொள்கிறார்கள்.