தோற்கத் தெரிந்த பயில்வான்

கிங்ஸ் சர்க்கிள், மும்பை

அன்புள்ள மலர்,

மல்யுத்த ஷோ பார்ப்பதையே விட்டுவிட்டேன், யார் ஜெயிக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டு அப்புறம் என்ன சாம்பியன்ஷிப், என்ன கடைசிச் சண்டை என்று எழுதியிருக்கிறாய். தொழில்முறைக் குஸ்தியில் முடிவு முன்பே பேசப்பட்டதுதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி செனட்டில் நீ பார்த்த ஷோவை நடத்தும் நிறுவனமே (அன்றைக்கு அதன் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) இது விளையாட்டுப் போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. உண்மையின் மேல் திடீரென்று பற்று வந்துவிடவில்லை. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்தும் வரியிலிருந்தும் தப்ப வேண்டியிருந்தது. ஆனால் அதிலிருந்து நீ போகும் அடுத்த இடத்துக்கு என்னால் வர முடியவில்லை. பேசி வைத்த முடிவு என்றால் வெற்றி தோல்விக்கு அங்கே பொருளே கிடையாது என்கிறாய். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. முன்பே பேசப்படுவதால்தான் அங்கே தோற்பது ஒருவர் தெரிந்தே எடுக்கும் தீர்மானமாகிறது. யாரிடம் தோற்க ஒப்புவது, யாருக்கு முடியாது என்று சொல்வது என்ற அந்த ஒரு இடத்தில் ஒரு மூத்த பயில்வானின் தொழில் வாழ்க்கை முழுவதும் வந்து நிற்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரும் தாரா சிங்கும் உலகப் பட்டத்துக்கென்று மோதினார்கள். தாரா சிங் வென்றார். தெஸ்ஸுக்கு அப்போது 52 வயது, தாராவுக்கு 39. இரண்டு பேருமே அனுபவசாலிகள். கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும் பெரியவர்களைக் கேட்டால் தெஸ் பெயர் அநேகமாக வராது. கிங்காங்–தாராசிங் என்று ஒரே மூச்சில் வரும். கிங்காங் என்ற எமில் சாயா ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் தங்கிவிட்ட பேருருவம், சுமார் 200 கிலோ. கூட்டத்தைக் கூட்டியது அவருடைய உருவம். தாராவின் தொழிலுக்கு முத்திரை குத்தியது தெஸ்ஸின் தோல்வி. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள, இந்தத் தொழில் எந்தப் பயத்தில் வளர்ந்தது என்று தெரிய வேண்டும்.

1925-இல் அமெரிக்கக் குஸ்தி முதலாளிகள் வெய்ன் மன் என்ற கால்பந்தாட்டக்காரரை உலக சாம்பியன் ஆக்கினார்கள். நல்ல உயரம், நல்ல பெயர், டிக்கெட் விற்கும் முகம். பிடி மட்டும் தெரியாது. அந்த ஜனவரியில் எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸ் சொன்னபடி அவரிடம் தோற்றுக் கொடுத்தார். ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் மன் முன்னால் நின்றவர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. 1910-இல் லண்டனில் நம் காமா பயில்வானோடு இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டிச் சமனில் முடித்தவர் இவர்தான். மறு ஆட்டத்துக்கு வராமல் போனவரும் இவர்தான். மன்னிடம் ஸ்பிஸ்கோ தோற்க வேண்டும் என்பது பேச்சு. நாற்பதுகளின் நடுவில் இருந்த அந்த மனிதர் பேச்சை மீறினார். உண்மையாகவே பிடித்தார், உண்மையாகவே முதுகை மண்ணில் வைத்தார். மன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றரை மாதத்தில் அந்தப் பட்டம் எதிர் முகாமின் ஜோ ஸ்டெக்கர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. துரோகம் என்று சொல்லலாம், பொருத்தமான சொல்தான். ஆனால் முதலாளிகள் அதிலிருந்து கற்றது வேறு: பேசி வைத்த முடிவுக்குக் காவல் வேண்டும். கோர்ட்டுக்குப் போக முடியாத ஒப்பந்தத்துக்கு, ஒப்பந்தக்காரனின் கைப்பிடிதான் காவல். (மூன்றாண்டு கழித்து 1928-இல் பட்டியாலாவில் காமா அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தார். அங்கே பேச்சும் இல்லை, காவலும் தேவைப்படவில்லை.)

ஸ்ட்ராங்லர் லூயிஸ் பிற்காலத்தில் பக்கத்தில் இருந்து வழிகாட்டிய பையன்தான் லூ தெஸ். செருப்புத் தைக்கும் ஹங்கேரியத் தந்தையிடம் மல்யுத்தம் கற்றவர். 1937-இல் தம் 21-ஆம் வயதிலேயே உலகப் பட்டம் வாங்கியவர். 1948-இல் அமெரிக்காவின் பல வட்டாரக் குஸ்தி முதலாளிகள் சேர்ந்து தேசிய மல்யுத்தக் கூட்டணி என்று ஒன்றை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே அதன் சாம்பியன் தெஸ் ஆனார். ஒரு சாம்பியன் ஊர் ஊராகப் போக வேண்டும். போகிற ஊரில் உள்ளூர் முதலாளிக்கு ஆசை வந்து, உள்ளூர்ப் பயில்வானை ஏவி, 1925-இல் நடந்ததைத் திரும்ப நடத்திவிடலாம். தெஸ்ஸிடம் அது பலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். மூட்டைப் பூட்டி வலியேற்றும் பிடிகள் அவருக்குக் கைவந்தவை. ஆக, முடிவு பேசி வைக்கும் தொழிலில் திறமை எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான். திறமை இல்லாதவன் கையில் பேச்சு ஒரு நாள் தங்காது.

1957-இல் பட்டத்தை விட்டுக்கொடுக்கத் தெஸ் தீர்மானித்தபோது வாரிசாகப் பேசப்பட்டவர் பட்டி ராஜர்ஸ். பொன்னிற முடி, மிடுக்கு நடை, திமிர்ப் பேச்சு. கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே டிக்கெட் வாங்கும். தெஸ் அவருக்குக் கொடுக்க மறுத்து டிக் ஹட்டனைத் தேர்ந்தெடுத்தார். ஹட்டன் கல்லூரி மல்யுத்தத்தில் மூன்று முறை அமெரிக்க சாம்பியன், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இறங்கியவர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹட்டனால் கூட்டம் சேரவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் பட்டம் வைத்திருந்து இழந்தார். ராஜர்ஸோ 1961-இல் சிகாகோவில் 38,000-க்கும் மேற்பட்டவர்கள் பார்க்கப் பட்டம் வாங்கினார். வியாபாரக் கணக்குப்படி தெஸ் எடுத்த முடிவு தப்பு. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1963-இல் அதே ராஜர்ஸிடமிருந்து பட்டத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கூட்டணி நினைத்தபோது, அவர் முரண்டு பிடிப்பாரோ என்று பயந்தது. சாம்பியன் கட்டியிருந்த 25,000 டாலர் வைப்புத் தொகையைப் பறித்துவிடுவோம் என்று ஒருபுறம் மிரட்டிவிட்டு, மறுபுறம் டொராண்டோவில் எதிரே நிறுத்தியது 46 வயதுத் தெஸ்ஸை. அன்று ராஜர்ஸ் பேசியபடி நடந்துகொண்டார். நடக்காவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது 1968-க்கு வா. இப்படிப்பட்ட ஒருவர் பம்பாய் வந்து தாராவிடம் தோற்கிறார். தாரா உண்மையான மல்லர், உடம்பை அருமையான கட்டில் வைத்திருந்தார், அவரிடம் தோற்பதில் தமக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை என்பதே தெஸ் பின்னாளில் சொன்னதன் சாரம். முகஸ்துதியாக எடுத்துக்கொள்ளாதே. தோற்க மறுத்துப் பெயர் எடுத்தவர் சொல்வது இது. தாராவின் கணக்கிலும் சரக்கு இருந்தது. 1947-இல் சிங்கப்பூர் போய் ஹர்நாம் சிங்கிடம் பழகியவர். 1954-இல் இதே பம்பாயில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியச் சாம்பியன். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். அவர் சினிமா நாயகன், 'ஃபௌலாத்' முதலான படங்கள் ஓடிய முகம், அந்த முகத்துக்காகக் கிடைத்த பட்டம்தானே என்று நீ கேட்பாய். முகத்துக்குப் பட்டம் கொடுக்கிறவராக இருந்திருந்தால் 1957-இலேயே ராஜர்ஸுக்குக் கொடுத்திருப்பார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நீ எழுதவில்லை, நானே எடுத்து வைக்கிறேன். 1966 ஜனவரியிலேயே தெஸ் கூட்டணியின் பட்டத்தை ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். அப்படியானால் 1968-இல் பம்பாய்க்கு அவர் கொண்டுவந்த 'உலகப் பட்டம்' எது? அமெரிக்கப் பதிவேட்டில் அதற்கு உறுதியான இடம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல்ட்டின் வம்சாவளியை வைத்துத்தான் அந்த இரவை எடைபோட வேண்டும் என்றால் தொழில்முறைக் குஸ்தியில் ஒரு பட்டமும் தேறாது. எல்லாமே ஏதோ ஒரு முதலாளிக் கூட்டம் அறிவித்தவைதாம். பம்பாயில் தாராவுக்குக் கிடைத்தது தெஸ்ஸின் சாட்சியம். மில் பகுதிகளில் தாலிம்கள் என்ற மல்யுத்தக் கூடங்கள் இருந்த, செம்மண்ணில் பிடி பழகியவர்கள் நிறைந்த ஊர் இது. எது அசல் பிடி, எது பேசி வைத்த நூரா குஸ்தி என்று பார்த்தே சொல்லக்கூடிய கண்கள் இங்கே இருந்தன. அந்தக் கண்களுக்கு முன்னால் உலகம் அறிந்த ஒருவர், இவர் என் வரிசையில் நிற்கத் தக்கவர் என்று தம் உடம்பாலேயே ஒப்பமிட்டார்.

சரி, டிக்கெட் வாங்கியவனிடம் இதைச் சொன்னார்களா? சொல்லவில்லை. 1968-இல் போட்டி என்று விற்றார்கள். அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்தமாட்டேன். இன்றைக்கு அந்தப் பொய் இல்லை, நீயே தெரிந்துகொண்டுதான் பார்த்தாய். திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று துரியோதனன் விழுவான் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடியற்காலையில் போய் நிற்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் நீ தவற விடுகிறாய். கூத்துக்காரர் வேஷம் கலைத்தால் தோற்றவன் துரியோதனன், அவரல்ல. பயில்வானுக்கு அந்த வசதி கிடையாது. அவர் சொந்தப் பெயரில் தோற்கிறார், மறுநாள் அதே பெயரில் அடுத்த ஊரில் டிக்கெட் விற்க வேண்டும். பணத்துக்காகத் தோற்கிறார் என்பதும் உண்மைதான். பணம் வாங்காமல் இந்தத் தொழிலில் யாரும் விழுவதில்லை. பணம் தோற்க வைக்கும். ராஜர்ஸை விட்டு ஹட்டனைத் தேர்ந்தெடுத்ததற்குப் பணம் காரணம் சொல்லாது.

உன் காலத்து ஆட்டங்களையும் இந்தக் கண்ணால் பார். 2008-இல் ரிக் ஃப்ளேர் தோற்றால் ஓய்வு என்று அறிவித்து ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றார்; பிறகு வேறு நிறுவனத்தில் மறுபடி களம் இறங்கிவிட்டார். அழகான ஆட்டம், வீணான தோல்வி. 2014-இல் அண்டர்டேக்கரின் ரெஸில்மேனியா வெற்றி வரிசையை முறிக்க பிராக் லெஸ்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். லெஸ்னர் 2000-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன், ஹட்டனைப் போல. அன்று அரங்கத்தில் விழுந்த மௌனம் நினைவிருக்கிறதா? ஏற்கெனவே பெரிய ஆளாக இருந்தவருக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். சண்டை போடுவது சரி. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தெஸ் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1990 டிசம்பரில், 74 வயதில், ஜப்பானின் ஹமாமட்சுவில் மசாஹிரோ சோனோவிடம் தோற்றார். தோற்கடித்த பிடி அவரே சோனோவுக்குக் கற்றுக்கொடுத்தது. தாரா சிங்கின் கதை வேறு விதமாக முடிந்தது. 1983-இல் டெல்லியில் ஓய்வு பெற்றார். தோல்வியே காணாதவர் என்ற அடைமொழி கடைசிவரை கூடவே வந்தது. ராமாயணத் தொடரின் அனுமன், பிறகு மாநிலங்களவை உறுப்பினர், 2012-இல் மும்பையில் மறைவு. அந்த அடைமொழியை நாம் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. பம்பாயில் தெஸ் அவருக்குச் செய்ததை அவர் எந்த இந்திய இளைஞனுக்கும் அதே அளவில் செய்ததாக மக்கள் நினைவில் இல்லை. அவர் போனதோடு இங்கே ஃப்ரீஸ்டைல் குஸ்திக்குக் கூட்டமும் போனது. அடுத்த இந்திய உலக சாம்பியனாக 2007-இல் கிரேட் காளி வந்தபோது, அவர் அமெரிக்காவுக்குப் போய்த்தான் அந்தப் பெல்ட்டை வாங்க வேண்டியிருந்தது.

அன்புடன்,
உன் பெரியப்பா