இரண்டாம் வகுப்புக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தினமும் இரவு ஒன்பதரை வரை வீட்டுப்பாடம் எழுதுகிறாள். டீச்சரிடம் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது; மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. ஏழு வயது விரல்கள் நெடுநேரம் எழுதத் தாங்காது. தூக்கம் கெட்டால் மறுநாள் வகுப்பில் கவனம் நிற்காது. பல வீடுகளில் நோட்டை நிரப்புவது அம்மாதான். அதைத் திருத்தி ஆசிரியர் குழந்தையைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்? எழுதாவிட்டால் மறந்துவிடுமே என்பார்கள். அந்தப் பயிற்சியை வகுப்பிலேயே தரலாம். வீட்டில் கதை வாசித்துக் காட்டினாலே மொழி வளரும். வீட்டுப்பாடம் கேட்டுப் பள்ளியை நெருக்கும் பெற்றோரும் உண்டு என்பதால், டீச்சரை மட்டும் குறை சொல்லாதீர்கள். மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.