கடவும் பட்டாவும்: குலசேகரம் வட்டார ஆற்றுவழி உரிமை குறித்த சொற்பொருள் ஆய்வு

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், கோதையாற்றை அடுத்த ஊராகும். பேச்சிப்பாறை அணையைக் கடந்து வரும் இவ்வாறு, திற்பரப்பில் அருவியாக வீழ்ந்து, திருவட்டாற்றுப் பகுதியில் பரளியாற்றுடன் கூடி, குழித்துறை வழியே சென்று தேங்காய்ப்பட்டணத்தருகே கடலில் கலக்கிறது. கரையோரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் தனியார் பட்டா நிலங்களாக உள்ளன. ஆறு பொது, தோப்பு தனியுடைமை. எனின், சாலையிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் வழி யாருடையது? இவ்வினாவிற்குச் சட்டம் தரும் விடையையும் வட்டாரச் சொற்கள் தரும் சான்றையும் ஒருங்குவைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையும் கடவும்

சங்க இலக்கியத்தில் மக்கள் நீருண்ணும் இடம் 'உண்துறை' எனப்படுகிறது. நெய்தல் தலைவன் 'துறைவன்' எனச் சுட்டப்பெறுகிறான். துறை என்பது நீரின் பெயரன்று. மனிதர் நீரை அணுகும் இடத்தின் பெயர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இப்பொருளில் 'கடவு' என்னும் சொல்லும் வழங்குகிறது. மலையாளத்திலும் இச்சொல் உண்டு. 'கட' என்னும் வினையடியாகப் பிறந்த இது வழியையும் குறிக்கும். 'கடவுச்சீட்டு' என்னும் சொல்லாக்கத்தில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. இறங்குமிடத்தையும் அதற்குச் செல்லும் வழியையும் இச்சொல் பிரிப்பதில்லை என்பது கருதத்தக்கது.

சட்டத்தின் நோக்கு

சொல் பிரிக்காததைப் பட்டா பிரிக்கிறது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகைகளை அரசுடைமை என அறிவித்து, பொதுமக்களின் வழியுரிமையையும் வழக்காற்று உரிமையையும் அதற்குள் காத்தது. ஆயினும் இப்பாதுகாப்பு அரசு நிலத்தைப் பற்றியது. இடையிலுள்ள தோப்பில் வேலி எழுமாயின், ஆறு பொதுவாகவே இருக்கும்; அதனை அடைதல் மட்டும் இயலாது.

1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் இடையறாது பயன்படுத்திய வழிக்கு உரிமை அளிக்கிறது. ஆனால் அவ்வுரிமை நிலம் உடையவருக்கு அந்நிலத்தின் பொருட்டு உரியது, ஊராருக்கு உரியதன்று. ஊராரின் உரிமை வழக்காற்றைச் சார்ந்தது. அதனை அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு தொடாமல் விட்டுவைத்தது. வழக்காற்றை எவ்வாறு மெய்ப்பிப்பது? 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பொது வழக்காற்றை அறியக்கூடிய நிலையிலுள்ளோரின் கருத்தைச் சான்றாக ஏற்றது. ஒரு கிணற்று நீரைப் பயன்படுத்த ஊராருக்குள்ள உரிமையே அங்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டாகும். எனவே முதியோர் வாய்மொழியும் அதில் வாழும் கடவுப் பெயர்களும் ஆராயத்தக்க சான்றுகளாகின்றன.

வழக்காற்றின் வரம்பு

எனினும் வழக்காறு எப்போதும் எல்லார்க்கும் அரணாக நின்றதில்லை. திருவிதாங்கூரில் சாதியின் பெயரால் பொதுவழிகளும் நீர்நிலைகளும் பலருக்கு மறுக்கப்பட்டன. மகாத்துச் சௌதார்க் குளத்தில் 1927-இல் அம்பேத்கர் தலைமையில் நீர் அருந்தியோருக்கு எதிராக முன்வைக்கப்பட்டதும் வழக்காறே. தொன்மை மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அரசமைப்பின் 15(2)-ஆம் உறுப்பு, அரசு நிதியால் பேணப்படும் அல்லது பொதுப் பயன்பாட்டிற்கு ஒப்படைக்கப்பட்ட நீராடுதுறைகளில் சாதி, சமயம், பால் முதலியவை காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்கிறது. ஆகவே ஒரு கடவின் பெயரைப் பதிவுசெய்வோர், அங்கே இறங்கியவர் யார் என்பதோடு இறங்கவிடப்படாதவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும்.

முடிவுரை

கடவின் பெயர் மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. உரிமை இருந்தமையை ஆராய அது தொடக்கமாகும். புழக்கம் நின்றால் பெயரும் மறையும். பெயர் மறைந்தபின் வழி இருந்ததை உரைப்பார் இரார். குலசேகரம் தொடங்கிக் குழித்துறை வரையிலான கடவுப் பெயர்களைப் புல எண்ணோடும் முதியோர் வாய்மொழியோடும் தொகுத்தல் உடனடித் தேவையாகும். இது வட்டார வழக்காய்வின் பணி மட்டுமன்று. ஊராரின் நீர்வழியைக் காக்கும் பணியுமாகும்.