பிரிமிட்டிவோ திராக்ஷை: அதன் பூர்வமும் குணங்களும்

ஜாதித் தேர்வில் செலுத்தும் கவனம் எத்தகைய பலனை அளிக்கும் என்பதற்கு, இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள புக்லியா பிரதேசத்தில் சாகுபடியாகும் பிரிமிட்டிவோ என்னும் கருந்திராக்ஷை தக்க உதாரணமாகும். இதன் பழம் சிவப்பு ஒயின் செய்யப் பயன்படுகிறது.

பெயர்க் காரணம்.— 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜோயா தெல் கொல்லே என்னும் ஊரில் பிரான்செஸ்கோ பிலிப்போ இந்தெல்லிகாத்தி என்ற பாதிரியார் இருந்தார். அக்காலத்துத் தோட்டங்களில் பல ஜாதிக் கொடிகள் கலந்திருந்தன. அவற்றுள் ஒரு ஜாதி மட்டும் ஏனையவற்றிற்கு முன்னரே பழுப்பதைக் கண்ட அவர், அதன் குச்சிகளைப் பிரித்தெடுத்துத் தனியே நட்டார். முந்திப் பழுப்பது என்பதே அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள்.

பூர்வம்.— அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜின்பாண்டெல் என்னும் திராக்ஷை நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. 1967-ல் ஆஸ்டின் கோஹீன் என்ற அமெரிக்கப் பயிர்நோய் நிபுணர் புக்லியா சென்றபோது, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டார். இரண்டும் ஒன்றே என 1990-களில் கரோல் மெரிடித் என்னும் அம்மையார் மரபணுச் சோதனையால் உறுதி செய்தார். பின்னர் 2001-ல், குரோஷியா தேசத்துக் கடற்கரையில், ஸ்பிளிட் நகரத்தின் அருகே, அதே ஜாதிக் கொடிகள் மிகச் சில கண்டெடுக்கப்பட்டன. அங்கு இதற்கு வழங்கிய பழம் பெயர் திரிபித்ராக். அப்பெயர் 15-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பிற தேசங்களில் செழித்த ஜாதி, தன் பூர்வ பூமியில் அழியும் தறுவாயில் இருந்தது கவனிக்கத்தக்கது.

குணங்கள்.— ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே அறுவடை தொடங்கிவிடுவதால், இலையுதிர்கால மழைக்கு முன் பெரும்பகுதி வீடு வந்து சேரும். சர்க்கரைச் சத்து மிகுதி. ஆதலின் ஒயினில் சாராயச் சத்தும் மிகும். ஆயினும் குறைகளும் உண்டு. ஒரே குலையில் பச்சைக் காயும், பழமும், வற்றிய பழமும் காணப்படும். தோல் மெல்லியது, குலை நெருக்கமானது, ஆகவே மழை பிடித்தால் எளிதில் அழுகும்.

சாகுபடி.— சுண்ணாம்புப் பாறையின் மேலுள்ள செம்மண்ணில், பந்தலின்றிக் குட்டைச் செடியாகக் கவாத்து செய்து வளர்ப்பது புக்லியாவின் பழைய வழக்கம். பக்கச் சிம்புகளிலும் காய்கள் பிடிக்கும். அவை சில வாரங்கள் கழித்து இரண்டாம் அறுவடைக்கு வரும்.

கவனிக்க வேண்டியவை.— தோட்டத்தில் மாறுபட்ட குணமுடைய செடியைக் கண்டால், அதற்கு அடையாளமிட்டு, அடுத்தடுத்த வருஷங்களிலும் அக்குணம் நிலைக்கிறதா என்று பார்த்த பின்னரே அதன் குச்சிகளைப் பெருக்குதல் வேண்டும். பெயரை மட்டும் நம்பி நாற்று வாங்கலாகாது. ஒரே ஜாதி பல பெயர்களில் உலவக்கூடும். கிராம அதிகாரிகள் தங்கள் ஊர்ப் பழைய ஜாதிகளின் பெயரையும் குணத்தையும் எழுதி வைப்பது நலம். கடைசிச் செடியும் போன பின்னர் குறிப்பு எழுதிப் பயனில்லை.