காக்கப்பட்ட ஏரியும் காவலற்ற கழியும்

நெய்தல் திணையைப் பயிலும் மாணவர் ‘கழி’ என்னும் சொல்லைப் பலகாலும் காண்பர். கடல்நீர் நிலத்துள் புகுந்து பரவும் நீர்ப்பரப்பே கழி. அதனை நேரிற் காண விழைவோர் வடசென்னையின் சடையங்குப்பம் பக்கம் செல்லலாம். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் இவ்வூர் வழியாகவே எண்ணூரில் கடலைச் சேர்கின்றது. ஏரி திறக்கப்படும் போதெல்லாம் வெள்ள எச்சரிக்கையில் இவ்வூர்ப் பெயரும் இடம்பெறும். இத்தகைய நிலத்தைக் காத்தல் யாங்ஙனம் என்பதற்கு மணிப்பூரின் லோக்டாக் ஏரியைச் சான்றாகக் கொள்வோம்.

லோக்டாக், வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. புல்லும் வேரும் மட்கும் பிணைந்த ‘பும்தி’ எனும் மிதவைத் திட்டுகள் அதன் தனிச்சிறப்பு. அவற்றின்மீது உலவும் சங்காய் மான்கள் 1975இல் 14 மட்டுமே எண்ணப்பட்டன. 1977இல் ஏரியின் ஒரு பகுதி, ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர், கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவாயிற்று. 1990இல் ஏரி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது.

எனினும் 1993இல் அதே ஏரி இடருற்ற ஈரநிலங்களின் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது. காரணம் யாது? 1983இல் மின்னாக்கத்திற்கென இத்தாய் தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் நீர்மட்டம் ஆண்டு முழுதும் உயர்ந்தே நின்றது. முன்னர், நீர் குறையும் காலத்தில் பும்தி தரையைத் தொடும். வேர்கள் மண்ணின் சத்தை உறிஞ்சும். அது தடைப்படவே திட்டுகள் மெலிந்தன. மானின் எடையைத் தாங்கும் வலிவும் குன்றியது. எல்லை வகுத்தல் மட்டும் காப்பாகாது, நீரின் ஏற்றவிறக்கமும் காக்கப்படல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி நம் கழிக்கு வருவோம். தென்சென்னையின் பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. எண்ணூர்க் கழிக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. ஆலைகளும் சாம்பற் படிவும் நெருக்க, வெள்ளம் பரவும் இடம் சுருங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே கழியில் பரவியது. மீனவர்தம் படகும் வலையும் கறுத்தன. நீர்வழியில் ஓரிடத்து நேரும் கேடு அவ்விடத்தோடு நில்லாது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

மொழித்துறையினராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. அப்பகுதியிலிருந்து வரும் மாணவர், தம் ஊர்ப் பெரியோரிடம் கால்வாய், மேடு, மீன், நீரோட்டம் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கலாம். எவ்விடத்தில் நீர் நின்றது, எவ்வழி ஓடியது என்பதற்கு அப்பெயர்களே சான்றாகும். அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் நன்று.